அமெரிக்கக் கல்லூரி அனுமதி முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்து, கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் கையை விட்டுப் போன பிறகு, முடிவு வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் உரிய பக்கம் இது. இடம் பிடிப்பது எப்படி என்று இங்கே பேசப்படவில்லை. அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. அனுப்பிய நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, அதில் நம் கையில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்பதே இங்கே பேசப்படுகிறது.

முடிவுகள் பொதுவாக எப்போது வெளிவரும்?

எந்தச் சுற்றில் விண்ணப்பித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நவம்பர் தொடக்கத்தில் அனுப்பும் ஏர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்ற கட்டாயத்தோடு விண்ணப்பிப்பது), ஏர்லி ஆக்‌ஷன் (அந்தக் கட்டாயம் இல்லாதது) விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் முடிவு வரும். சில கல்லூரிகள் ஏர்லி ஆக்‌ஷன் முடிவை ஜனவரி, பிப்ரவரி வரை தள்ளிவைப்பதும் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் அனுப்பும் இரண்டாவது ஏர்லி டிசிஷன் சுற்றுக்குப் பிப்ரவரி நடுவில் முடிவு தெரியும். பெரும்பாலான மாணவர்கள் இருக்கும் ரெகுலர் சுற்றில்தான் காத்திருப்பு நீளும். ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பிவிட்டு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் தேதி வரை காத்திருக்க வேண்டும்.

பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், ஹார்வர்ட், பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், யேல் ஆகிய எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் மார்ச் கடைசியில் ஒரே மாலையில் முடிவுகளை வெளியிடுவது வழக்கம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. தனது ரெகுலர் முடிவை மார்ச் 14 அன்று வெளியிடுவதை மரபாக வைத்திருக்கிறது. தேதியை 3.14 என்று எழுதினால் கணிதத்தின் பை வருகிறது. 2012 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் நேரத்தையும் மாலை 6.28 என்று வைத்திருக்கிறார்கள், அது பையின் இரு மடங்கு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் தனித்தனியே முடிவெடுத்து வெவ்வேறு நாட்களில் அறிவிப்பதால், ஒரு வளாகத்தின் பதிலைக் கொண்டு இன்னொன்றை ஊகிக்க முடியாது. பிட்ஸ்பர்க், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை விண்ணப்பம் வர வர முடிவு சொல்லிவிடுகின்றன. அப்படிப்பட்ட ஓர் இடம் பட்டியலில் இருந்தால், டிசம்பருக்குள் கையில் ஓர் அனுமதியாவது இருக்கக்கூடும். மற்ற மூன்று மாதங்களைக் கடக்க அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அமெரிக்க நேரத்தை இந்திய நேரத்துக்கு எப்படி மாற்றுவது?

இதில் பலர் ஒரு மணி நேரம் தவறிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். ஆகவே டிசம்பரில் நியூயார்க் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் இடையே பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கும். மார்ச் பிற்பகுதியில் அது ஒன்பதரை ஆகிவிடும். டிசம்பரில் அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 5.30. மார்ச் கடைசியில் அதே 7 மணி இங்கே அதிகாலை 4.30. எம்.ஐ.டி.யின் 6.28, இந்தியாவில் மார்ச் 15 அதிகாலை 3.58. கலிபோர்னியா நேரத்துக்கு மார்ச்சில் பன்னிரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் அனுப்பியதைப் படித்து முடிக்க மூன்று மாதமா?

படிப்பதற்கு மட்டும் அவ்வளவு காலம் ஆவதில்லை. பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் பொறுப்பான அலுவலர் ஒருவர் முதலில் கோப்பைப் படிக்கிறார். பள்ளி எப்படிப்பட்டது, அங்கே என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன, மதிப்பெண் எப்படி வழங்கப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். பிறகு இன்னொருவர் படிப்பதும், குழுவாக அமர்ந்து விவாதிப்பதும், வாக்கெடுப்பதும் இடத்துக்கு இடம் மாறும். கடைசிக் கட்டத்தில், தேர்ந்தெடுத்தவர்களை எல்லாம் சேர்த்து ஒரு வகுப்பாகப் பார்க்கிறார்கள். பொறியியலுக்கு அளவுக்கு மீறி ஆள் சேர்ந்துவிட்டதா, இசைக்கும் இலக்கியத்துக்கும் போதுமானவர்கள் இருக்கிறார்களா, நிதியுதவிக்கு ஒதுக்கிய தொகை தாங்குமா என்று கணக்குப் பார்த்துச் சிலரைச் சேர்ப்பதும் சிலரை நீக்குவதும் அப்போதுதான் நடக்கிறது. ஆகையால் பிப்ரவரியில் "என் கோப்பு முடிவாகியிருக்கும்" என்று நினைப்பதற்கு இடமில்லை. அங்கே அப்போது முடிவு என்ற ஒன்றே இல்லாமல் இருக்கலாம்.

போர்ட்டலில் (விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கப் பல்கலைக்கழகம் தரும் இணையப் பக்கம்) திடீரென்று ஒரு புதிய பகுதி தெரிகிறது. இது நல்ல அறிகுறியா?

இல்லை. தீய அறிகுறியும் இல்லை. மாணவர் பக்கத்தில் நிதியுதவி என்ற தலைப்பு புதிதாக முளைத்தது, முகவரிப் பகுதியைத் திருத்த முடியாமல் போயிற்று, ஓர் இணைப்பு காணாமல் போயிற்று என்று சிறு சிறு மாற்றங்களைக் கொண்டு முடிவைக் கணிக்கும் பழக்கம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அமெரிக்க மாணவர்களே அதைப் போர்ட்டல் ஜோதிடம் என்றுதான் கேலியாகச் சொல்கிறார்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில் தொழில்நுட்பப் பிரிவினர் பக்கத்தைச் சோதிப்பார்கள். அப்போது எல்லோருடைய பக்கத்திலும் ஏதாவது அசையும். அந்த அசைவைப் பார்த்த ஆயிரம் பேரில் இடம் கிடைத்தவர்கள் பிற்பாடு "எனக்கு அன்றே தெரிந்தது" என்று சொல்வார்கள். கிடைக்காதவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஜோதிடம் வாழ்வது இப்படித்தான்.

பல்கலைக்கழகமே அனுப்பும் செய்திகூடத் தவறாகப் போனதுண்டு. 2009 மார்ச்சில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம், மறுக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. 2015 பிப்ரவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த சுமார் 800 பேருக்கு அனுமதி என்று எழுதி, சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது. வெளிப்படையாக எழுதி அனுப்பிய செய்திக்கே இந்தக் கதி என்றால், பக்கத்தின் ஓரத்தில் மாறிய நிறத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட சில இடங்கள், தாங்கள் மிகவும் விரும்பும் மாணவர்கள் சிலருக்கு, குறிப்பாக விளையாட்டு வீரர்களுக்கு, அதிகாரபூர்வமான நாளுக்கு முன்பே "அனுமதி கிடைக்க வாய்ப்பு மிகுதி" என்ற கடிதத்தை அனுப்புகின்றன. அது வெளிப்படையான கடிதம். குறிப்பால் உணர வேண்டியது அன்று. அது வராதது எதையும் குறிப்பதில்லை, ஏனெனில் அனுமதி பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை.

நேர்காணலுக்கு யாரும் அழைக்கவில்லை. வாய்ப்பு போய்விட்டதா?

நேர்காணல் பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள் தன்னார்வமாக நடத்துவது. உங்கள் ஊரில் நேரம் ஒதுக்கக்கூடிய முன்னாள் மாணவர் இல்லையென்றால் அழைப்பும் இல்லை, அவ்வளவுதான். நேர்காணல் கிடைக்காதது எதிராகக் கருதப்படாது என்று பல பல்கலைக்கழகங்கள் எழுதியே வைத்திருக்கின்றன.

இந்த இடைவெளியில் பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது எழுதி அனுப்பலாமா?

முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு போர்ட்டலிலும் உள்ள ஆவணப் பட்டியலைச் சரிபார்ப்பது. அரையாண்டு மதிப்பெண் அறிக்கை, பரிந்துரைக் கடிதம், நிதி ஆவணம் ஆகியவற்றில் ஏதாவது வரவில்லை என்று காட்டினால், அதைப் பள்ளி வழியாக உடனே அனுப்பச் செய்ய வேண்டும். மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியையும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதற்கு மேல், விண்ணப்பித்த பிறகு உண்மையிலேயே பெரிதாக ஏதேனும் நடந்திருந்தால் மட்டும் போர்ட்டலில் ஒரு பத்தி எழுதலாம். தேசிய அளவில் ஒரு பரிசு, வெளியான ஓர் ஆய்வு, குடும்பச் சூழலில் பெரிய மாற்றம் போன்றவை அந்த வகை. இன்னொரு சான்றிதழ், இன்னொரு இணையவழிப் பயிற்சி, "இன்னும் ஆர்வமாக இருக்கிறேன்" என்ற மின்னஞ்சல் ஆகியவை வேண்டாம். முடிவு எப்போது என்று கேட்டுத் தொலைபேசியில் அழைப்பதும் வேண்டாம். பெற்றோர் மகனுடைய பெயரில் எழுதுவது எல்லாவற்றிலும் மோசமானது. நடையைப் படித்த மாத்திரத்தில் அது தெரிந்துவிடும்.

டிசம்பரில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

உங்கள் விண்ணப்பம் ரெகுலர் சுற்றுக்கு நகர்த்தப்பட்டு, மார்ச்சில் மறுபடியும் பார்க்கப்படும் என்று பொருள். ஏர்லி டிசிஷனில் விண்ணப்பித்திருந்தால், ஒத்திவைக்கப்பட்ட கணத்திலிருந்து அந்தக் கட்டாய ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது. வேறெங்கு வேண்டுமானாலும் சேரலாம். ஆர்வம் தொடர்கிறது என்று தெரிவிக்கும் ஒரு சிறு கடிதத்தை, பல்கலைக்கழகம் அதை ஏற்பதாகச் சொல்லியிருந்தால், ஜனவரியில் ஒருமுறை அனுப்பினால் போதும். ஒத்திவைப்பை அரை அனுமதியாக எண்ணி மற்ற விண்ணப்பங்களை அரைமனதோடு எழுதியவர்களுக்கே மார்ச்சில் ஏமாற்றம் கூடுதலாக இருக்கிறது.

பொதுத்தேர்வும் முடிவும் ஒரே நேரத்தில் வருகின்றன. தேர்வு நாளில் முடிவைத் திறக்கலாமா?

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. அமெரிக்காவில் எழுதப்படும் அறிவுரைகளில் இதற்கு விடை கிடைக்காது. தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்வு மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் நான்காம் வாரம் வரை நடக்கிறது, சி.பி.எஸ்.இ. தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. அதிகாலை 3.58-க்கு முடிவைப் பார்த்துவிட்டு, காலை 10 மணிக்கு வினாத்தாளை வாங்க வேண்டிய நிலை சிலருக்கு வரலாம்.

என் கருத்து தெளிவானது: மறுநாள் தேர்வு இருந்தால் திறக்க வேண்டாம். முடிவு எங்கும் ஓடிவிடாது; அனுமதி கிடைத்திருந்தால் பதில் சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது. முடிவு நல்லதாக இருந்தாலும் அன்றைய தேர்வு பாழாகத்தான் செய்யும், ஏனெனில் மகிழ்ச்சியிலும் தூக்கம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதிக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: பள்ளிப் படிப்பை இதுவரை இருந்த தரத்திலேயே முடிக்க வேண்டும். இறுதி மதிப்பெண் பெரிதும் சரிந்தால் விளக்கம் கேட்பார்கள். அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆகவே காத்திருக்கும் காலத்தில் மாணவர் கையில் இருக்கும் ஒரே உண்மையான வேலை அந்தப் பொதுத்தேர்வுதான். அங்கே அனுமதி கிடைக்காமல் போனாலும், இங்கே வேண்டியிருப்பது அதே மதிப்பெண்தான்.

திறக்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால், கடவுச்சொல்லை அன்றைக்கு மட்டும் மாற்றி வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ஒருவர் தாமே திறந்து பார்க்காதவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். "ஏதாவது வந்ததா?" என்று கேட்பதை நிறுத்துவதே முதல் உதவி. வந்திருந்தால் பிள்ளை சொல்லாமல் இருக்கப்போவதில்லை. வராதபோது கேட்கும் ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்லை" என்ற பதிலைப் பிள்ளை தன் தோல்வியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்காமல் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போவதும் கேட்பதுதான்.

உறவினரிடம் எந்தெந்தப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் சொல்லாமல் இருப்பது நல்லது. "வெளிநாட்டுக்கும் போட்டிருக்கிறான், இங்கேயும் பார்க்கிறோம்" என்ற ஒரு வரி போதும். பெயரைச் சொல்லிவிட்டால் ஏப்ரலில் சித்தப்பாவும் பெரியம்மாவும் அக்கறையோடுதான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மறுப்பை விளக்க வேண்டிய சுமை பிள்ளை மேல் விழும்.

இன்னொன்று, பணத்தைப் பற்றிய பேச்சு. எவ்வளவு வரை நம்மால் முடியும், எவ்வளவு கடன் வாங்கலாம், எந்தத் தொகைக்கு மேல் அனுமதி கிடைத்தாலும் அனுப்ப இயலாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். கடிதம் வந்த மகிழ்ச்சியில் இருக்கும் பிள்ளையிடம் அதன் பிறகு "நம்மால் முடியாதுப்பா" என்று சொல்வது, மறுப்புக் கடிதத்தைவிடக் கொடியது. அதைச் சொல்லும் தகப்பனுக்கும் அப்படித்தான்.

அந்த நாளில் முடிவை எப்படித் திறப்பது?

மின்னஞ்சலில் பெரும்பாலும் "உங்கள் பக்கத்தில் புதிய தகவல் உள்ளது" என்று மட்டுமே இருக்கும். விடை போர்ட்டலுக்குள் இருக்கும். ஒரே நிமிடத்தில் பல்லாயிரம் பேர் நுழைவதால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது சாதாரணம். கடவுச்சொல் சரியாக இருக்கிறதா என்பதை முந்தைய நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்; அந்தப் பதற்றத்தில் மூன்று முறை தவறாகத் தட்டிக் கணக்கு முடங்கிப் போனால் தாங்க முடியாது.

தனியாகத் திறப்பதா, குடும்பத்தோடா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். திறக்கும் காட்சியைக் காணொளியாக எடுத்து வெளியிடும் வழக்கம் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டு மறுப்பைப் படிப்பது எந்தப் பதினேழு வயதுக்கும் வேண்டாத சோதனை. திரையில் வண்ணத்துகள் பொழிந்தால் அனுமதி என்று உடனே தெரிந்துவிடும். அப்படி இல்லையென்றால் கடிதத்தை இறுதிவரை படிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் கடிதமும் மறுப்புக் கடிதமும் முதல் இரண்டு வரிகளில் ஒன்றுபோலவே இருக்கும், கீழே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருப்பதைச் சிலர் கவனிக்காமல் மூடிவிடுகிறார்கள். ஒரே அதிகாலையில் நான்கைந்து முடிவுகள் வருமானால், மிகவும் விரும்பும் இடத்தைக் கடைசிக்கு வைப்பதைவிட முதலில் திறந்துவிடுவதே மேல் என்று நான் கருதுகிறேன். அது தெரிந்த பிறகே மற்றவற்றைக் கண் படிக்கும்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை வைக்கலாமா?

அனுமதி பெறும் எல்லோரும் வந்து சேர்வதில்லை என்பதால், எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு இடங்களைவிட அதிகமானோருக்குப் பல்கலைக்கழகங்கள் அனுமதி தருகின்றன. அந்தக் கணக்கு பொய்த்துக் குறைவானவர்கள் சேர்ந்தால்தான் பட்டியலைத் தொடுவார்கள். கணக்கு பலித்த ஆண்டில் ஒருவரைக்கூட எடுக்காமல் விடுவதும் உண்டு. இதை ஊகிக்கத் தேவையில்லை: அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தின் சி2 பகுதியில், எத்தனை பேருக்குப் பட்டியலில் இடம் தரப்பட்டது, எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், கடைசியில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற மூன்று எண்கள் இருக்கும். உங்கள் கல்லூரியின் கடந்த நான்கைந்து ஆண்டுகளைப் பாருங்கள்.

பட்டியலில் இருக்க விருப்பம் என்று படிவத்தில் ஒப்புக்கொண்டு, கேட்டால் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டு, கையில் இருக்கும் அனுமதிகளில் ஒன்றுக்கு மே 1-க்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும். பட்டியல் பிறகு நகர்ந்து அங்கே போனால் அந்த முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே நேரத்தில் முன்பணம் கட்டுவது முறையன்று. தெரியவந்தால் இரண்டு அனுமதியுமே போகலாம்.

பட்டியலில் இருந்து மேலே கொண்டுவர முடியும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பட்டியலில் பெரும்பாலும் வரிசை எண்ணே கிடையாது; மேலே கொண்டுவர ஏணியும் இல்லை. லஞ்சம் கொடுத்தும் போலி விளையாட்டுச் சான்று காட்டியும் இடம் வாங்கித் தந்த ரிக் சிங்கர் என்ற ஆலோசகரின் மோசடி 2019 மார்ச்சில் வெளியே வந்தபோது, அவரோடு பணம் கொடுத்த பெற்றோரும் நீதிமன்றம் ஏறினார்கள், பலர் சிறைக்கும் போனார்கள்.

எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது. பிள்ளையிடம் குறை இருந்ததா?

2021 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் ஹார்வர்ட் அனுமதித்தது விண்ணப்பித்தவர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களை. நூறு பேரில் மிச்சம் 96 பேரும் தகுதியில்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. நிதியுதவி கேட்பதை அனுமதியின்போது கணக்கில் எடுக்காமல், வெளிநாட்டவருக்கும் முழுத் தேவையை ஈடுசெய்யும் இடங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட் போன்ற மிகச் சிலவே. மற்றப் பல இடங்களில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறைகிறது. காரணம் என்ன என்று கேட்டு எழுதினால் பொதுவான பதிலே வரும்.

நடைமுறையில், ஏப்ரல் தொடக்கம் என்பது இங்கே தாமதம் அன்று. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு வழக்கமாக மே மாதத்தில்தான் தொடங்குகிறது. கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் அப்படியே. ஓராண்டு இடைவெளி விட்டு மீண்டும் விண்ணப்பிப்பது, அந்த ஆண்டில் செய்ய உருப்படியான வேலை ஒன்று கையில் இருந்தால் மட்டுமே பயன் தரும். அதே மதிப்பெண், அதே கட்டுரையோடு மறுபடி அனுப்பினால் விடையும் அதுவாகவே இருக்கக்கூடும்.

ஓரிரு வாரம் வருத்தம் இருப்பது இயல்பு. சாப்பாடு, தூக்கம் இரண்டும் தொடர்ந்து குலைந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற வகையில் பேச்சு வந்தாலோ, அதை வயதுக் கோளாறு என்று தள்ளாமல் மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்து எதை முதலில் செய்ய வேண்டும்?

நிதியுதவிக் கடிதம் தனியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, கட்டணம், தங்குமிடம், உணவு, காப்பீடு, பயணம் எல்லாவற்றையும் கூட்டி உதவித்தொகையைக் கழித்த மொத்தத்தைக் கல்லூரிக்குக் கல்லூரி ஒப்பிட வேண்டும். உதவித்தொகை நான்காண்டுக்குமா, ஓராண்டுக்கா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மே 1-க்குள் ஒரு கல்லூரியை ஏற்று முன்பணம் கட்டிய பிறகு, வங்கி இருப்புச் சான்றுகளை அனுப்பினால் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தரும். அதில் உள்ள எண்ணைக் கொண்டு வெளிநாட்டு மாணவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான 350 டாலர் கட்டணத்தைச் செலுத்தி, எஃப்-1 என்ற மாணவர் விசா நேர்காணலுக்கு நாள் பெற வேண்டும். கோடையில் நாள் கிடைப்பது கடினமாகிவிடுவதால், ஐ-20 வந்த வாரத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். விசா முன்பே கிடைத்தாலும், படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போது கவனத்தில் கொள்ள வேண்டும்.